நான் எழுதிய பட்டினி

ஏழைப் பிள்ளைகளைப் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைக்கும் தொழிலுக்கு மூலதனம் அதிகம் வேண்டாம். கொஞ்சம் ஆங்கிலமும் நிறைய வெட்கங்கெட்டதனமும் இருந்தால் போதும். ஆங்கிலம் எனக்குக் கல்லூரியில் வந்தது. மற்றது தொழிலுக்கு வந்த பிறகு தானாகவே வந்துவிட்டது.

தொழில் என்று சொன்னால் எங்கள் அலுவலகத்தில் முகம் சுளிப்பார்கள். சேவை என்றுதான் போர்டில் எழுதியிருக்கிறோம். உக்கடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக வந்துவிடலாம் என்று பிடித்த இடம். அரசுப் பள்ளிகளுக்குப் போய்ப் பிளஸ் டூ படிக்கிறவர்களில் சிலரைத் தேர்ந்தெடுப்போம். அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவது, கட்டுரை எழுத வைப்பது, நேர்காணலுக்குப் பழக்குவது, முழு உதவித்தொகையோடு வடக்கே ரயில் ஏற்றிவிடுவது வரைக்கும் எங்கள் பொறுப்பு. என்னைப் போல நல்லது செய்யக் கிளம்பி, முழங்கால் வரை இறங்கிவிட்டு, பின்னால் போகவும் முடியாமல் நிற்கிற சகோதர சகோதரிகளே, நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, இதைப் படியுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது

கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை நான் விட்டதை அப்பா வெளியில் யாருக்கும் சொல்லவில்லை. எங்களுடையது கோபிப் பக்கம் தோட்டங்காடு உள்ள குடும்பம். பெண் வேலையை விட்டுவிட்டாள் என்றால் ஏதோ நடந்துவிட்டது என்று ஊர் பேசும். ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களிடமும் அவர் பழைய சம்பளத்தையே சொல்லி வைத்திருந்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நடு வீட்டில் உட்கார்ந்து, சமூகத் தொழில்முனைவு என்றால் என்ன, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்றால் யார், கல்வியில் சமவாய்ப்பு என்றால் என்ன என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பரிசளிப்பு விழாக்களில் பேசிப் பேசி எனக்கு அது மனப்பாடம்.

மாப்பிள்ளையின் அம்மா போண்டாவைப் பிட்டபடி கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்பப் பாசமாகக் கேட்டார்: "அதெல்லாஞ் செரி கண்ணு, மறுக்கா வேலைக்கு எப்பப் போவே?"

ஆடு வேண்டாம்

நந்தினி உடுமலைக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக் குடியிருப்பிலிருந்து வந்தவள். அவள் அப்பா மாரப்பன் தென்னை மரம் ஏறுகிறவர். அம்மா ஈஸ்வரி நார் மில்லில் வேலை பார்க்கிறவர். இவள் வாயாடி. கண்டக்டரிடம், தலைமையாசிரியரிடம், என்னிடம் என்று எல்லாரிடமும் நியாயம் பேசுவாள். வடக்கே டெல்லியில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் அரசியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரை கேட்பார்கள். 'உங்கள் வாழ்க்கையில் நீங்கள் எதிர்கொண்ட ஒரு சவால்.'

அவள் ஆட்டைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தாள். இவர்கள் வீட்டு ஆடு பக்கத்துக் காட்டில் புகுந்து சோளத்தைத் தின்றுவிட்டது. ஊரில் பத்துப் பேர் கூடி அபராதம் போட்டார்கள். வேலியைச் சரியாகக் கட்டாதது காட்டுக்காரர் தப்பு, ஆட்டுக்கு எல்லை தெரியுமா என்று இவள் எழுந்து வாதாடினாள். 'நான் தோற்றேன். ஆடும் தோற்றது' என்று முடித்திருந்தாள். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும், "ஆடெல்லாம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு: தேர்வுக் குழுவினர் கண் கலங்கினால்தான் இடம் கிடைக்கும். ஆட்டுக்காக யார் அழுவார்கள்?

அப்புறம் தோண்ட ஆரம்பித்தேன். அப்பா மரத்திலிருந்து விழுந்திருக்கிறாரா? விழுந்ததில்லை. குடிப்பாரா? பொங்கலுக்கு மட்டும். ராத்திரி சாப்பிடாமல் படுத்திருக்கிறாயா? "ஒருக்கா படுத்திருக்கேனுங்க்கா, அம்மாகூடச் சண்டை போட்டுட்டு." எனக்கு அது போதுமாக இருந்தது. 'பல இரவுகள் நாங்கள் பசியோடுதான் தூங்கினோம். அடுப்பு எரியாத அந்த இரவுகளில், சிம்னி விளக்கின் அடியில் நான் கனவு கண்டேன்' என்று நானே ஆங்கிலத்தில் எழுதினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் சோற்றையே மறைத்தேன். தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டினேன். முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நல்லாத்தானுங்க்கா இருக்குது. ஆனா இது ஆரூட்டுக் கதைங்க்கா?"

நல்ல சேலை

கட்டுரைக்கு ஏற்ற மாதிரி போட்டோ வேண்டுமே. எங்களுக்குப் பணம் தருகிறவர்களில் ஒரு பம்ப் கம்பெனி முதலாளி இருக்கிறார். தங்கமான மனுஷர்தான். ஆனால் நாங்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்துவிட்டு, "ஊடு இன்னுங் கொஞ்சம் ஓட்டை ஒடசலா இருந்தா நல்லாருக்குமுங்க" என்பார். அவரை மனதில் வைத்துக்கொண்டுதான் நந்தினி வீட்டுக்குப் போனேன். அரசு கட்டிக்கொடுத்த காலனி வீடு, சுத்தமாகப் பெருக்கி, வாசலில் கோலம் போட்டிருந்தது. மாரப்பன் எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நீங்களும் உட்காருங்கள் என்றால் சிரிக்கிறார், உட்காரவில்லை. ஒரு காலத்தில் எங்கள் உறவுக்காரர் தோப்பில் மரம் ஏறினவராம். அந்தத் தோப்பில் இவருக்குத் தண்ணீர் எதில் ஊற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என்னாலும் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நானும் எழுந்து நின்றேன். நாற்காலி மட்டும் நடுவில் கிடந்தது.

வீட்டுக்குள் ஒரு சின்ன பிரிட்ஜ் இருந்தது, மாதத் தவணையில் வாங்கியது. அது படத்தில் விழாதபடி நான் கேமராவைத் திருப்பினேன். ஈஸ்வரி தலைக்குக் குளித்து, பூ வைத்து, மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். தம்பி கல்யாணத்துக்கு எடுத்ததாம். அவ்வளவு அழகாக இருந்தார். நான் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முழித்தேன். அவரே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். "ஏனுங் அம்மணி, இதைய மாத்திப்போட்டு, மில்லுக்குக் கட்டிட்டுப் போற சீலையில வரட்டுங்களா?"

நேர்காணல் முடிந்து

நேர்காணல் எங்கள் அலுவலகத்திலேயே கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. கீழே டயர் கடையில் தட்டுகிற சத்தம் கேட்கக் கூடாது என்று போய்க் கெஞ்சிவிட்டு வந்தேன். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே முதலில் நந்தினியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. பட்டினியைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகு திடீரென்று குரல் ஏறியது. சிரிப்புச் சத்தம் கேட்டது. காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

இடம் கிடைத்துவிட்டது. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் இலவசம். சேதி வந்த அன்று அலுவலகத்தில் எல்லாரும் கேக் சாப்பிட்டோம். நேர்காணல் செய்தவர்களில் ஒருவர் தமிழ்ப் பேராசிரியை, மதுரைக்காரர். அவரே போனில் கூப்பிட்டார். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் அடக்கமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. வேலை பார்த்துக் களைத்துப்போன ஒருத்தி பேசுவது போலத்தான் பேசினார்: "உங்களை மாதிரி ஆளுங்க அனுப்புற பிள்ளைங்க எல்லாருமே சிம்னி விளக்குலதான் படிக்குதுங்க, எல்லாருமே பட்டினியாத்தான் படுக்குதுங்க. அதையெல்லாம் நாங்க நம்புறதையே விட்டுட்டோம். ஆட்டுக்காக வாதாடினேன்னு சொன்னது இந்த ஒரு பொண்ணுதாம்மா, அதுக்குத்தான் எடுத்தோம்."

அவிநாசி ரோட்டு ஓட்டல்

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பணம் கொடுத்தவர்கள் சேர்ந்து அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் பாராட்டு விழா வைத்தார்கள். அந்தக் கட்டுரையின் தமிழாக்கம் வேண்டும் என்று கேட்டார்கள், பெற்றோருக்கும் புரியட்டுமே என்று. ஏற்கெனவே தயாராக இருந்தது. அனுப்பிவிட்டேன். இவ்வளவுதான் நான் யோசித்தது. நந்தினியிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

மேடையில் மாரப்பன் புது வெள்ளை வேட்டி சட்டையில், பொன்னாடையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பெருமையில் முகமெல்லாம் பல்லாக நின்றார். ஈஸ்வரி அந்த மாம்பழ நிறச் சேலையில் வந்திருந்தார். தொகுப்பாளினி தழுதழுத்த குரலில் படித்தாள். 'பல இரவுகள் நாங்கள் பசியோடுதான் தூங்கினோம்.' முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். போன்களில் படம் பிடித்தார்கள். மாரப்பன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவர் பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தார். நந்தினி தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மைக்கைப் பிடுங்கி நிறுத்தியிருக்கலாம். நானும் கைதட்டினேன்.

சாப்பாட்டு மேசைகளுக்குப் பக்கத்தில் அவரைத் தேடிப் போனேன். யாரோ அவர் கையில் ஒரு தட்டைக் கொடுத்து, நிறையப் பரிமாறியும் விட்டிருந்தார்கள். இவர்தானா அந்த அப்பா என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு பருக்கை தொடவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு, என்னிடம் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "ஏனுங் அம்மணி, என்ற புள்ளைய நான் என்னிக்குங்க பட்டினி போட்டேன்?"

நிபந்தனை

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ அவர்கள் உறவில் எல்லார் போனுக்கும் போய்விட்டது. பொண்டாட்டி பிள்ளைக்குச் சோறு போடாதவன் என்று மச்சான்மார் கேலி பேசினார்களாம். கல்யாணமாகிப் பல்லடத்தில் இருக்கிற அவர் தங்கை போன் போட்டு அழுதாளாம், எங்ககிட்டச் சொல்லியிருந்தா அரிசி அனுப்பியிருப்போமே என்று. மாரப்பன் வேலைக்குப் போகவில்லை. மகளிடம் பேசவில்லை. டெல்லியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், உடுமலையிலேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஈஸ்வரிதான் எனக்கு இதையெல்லாம் போனில் சொன்னார். இடத்தை உறுதி செய்ய வேண்டிய கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நந்தினியின் மொத்த வாழ்க்கையும் நான் எழுதிய ஒரு வரியில் போய்த் தொங்கிக்கொண்டு நின்றது.

மன்னிப்புக் கேட்டு நான் போனில் பேசியதையெல்லாம் மாரப்பன் குறுக்கே பேசாமல் கேட்டார். நான் வீட்டுக்கு வந்து கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வீடியோவை அழிக்கச் சொல்கிறேன் என்றேன். பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்களே என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார்: "வார ஞாயித்துக்கெழம எங்கண்ணன் பேரனுக்குக் காதுகுத்துங்க. ஒரம்பரை, சொந்தக்கார சனமெல்லாம் வருமுங்க. அத்தன பேரு முன்னால நின்னு அது பொய்யின்னு நீங்களே சொல்லிப்போடுங்க, நான் புள்ளைய அனுப்பறேனுங்க."

காதுகுத்து

அமராவதி அணைக்குப் போகிற வழியில் அவர்களுடைய குலதெய்வக் கோயில். கிடா வெட்டி, பந்தி நடந்துகொண்டிருந்தது. சவுண்டு செட்டுக்காரர் பாட்டை நிறுத்திவிட்டு மைக்கை என் கையில் கொடுத்தார். எத்தனையோ மேடையில் பேசிய நான், வணக்கம் சொல்லக்கூட மறந்துவிட்டேன். "நான்தான் அதை எழுதினேன். நந்தினி எழுதவில்லை. மாரப்பண்ணன் வீட்டில் யாரும் ஒரு நாளும் பட்டினி கிடந்ததில்லை. இடம் கிடைக்க வேண்டும் என்று நான் பொய் எழுதினேன்" என்றேன். பாதிப் பேர் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மீதிப் பேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "தோட்டத்துக்காரூட்டுப் புள்ளைக்கு நம்மூட்டுச் சோத்துப்பானை எதுக்காமா?" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது, அழுதால் அதுவும் ஒரு நாடகமாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

மாரப்பன் வந்து மைக்கை வாங்கி செட்டுக்காரரிடம் கொடுத்தார். "அனுப்பறேனுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பந்தலின் அந்தப் பக்கம் நந்தினி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. என்னைக் கொண்டுபோய் இலை முன்னால் உட்கார வைத்தார்கள். அப்பாடா, முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

சோறு போட வந்த பெண்மணி சட்டென்று நகரவில்லை. நந்தினிக்கு அத்தை முறை ஆக வேண்டும், அதே காலனியில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர். "எம்பொண்ணு கோகிலாவத் தெரியுமுங்களா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன். நந்தினியோடு ஒரே வகுப்பாம். அவளும் அதே வருடம் எங்களிடம் விண்ணப்பித்திருக்கிறாள். அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஞாபகம் வந்தது. ஒட்ட வாரிய தலை, மெலிந்த கை, பேசவே பேசாத ஒரு பெண். 'எங்கள் வீட்டில் ஒரு குறையும் இல்லை, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம்' என்று எழுதியிருந்தாள். கஷ்டப்படுகிறவர்களுக்குத்தான்மா இந்த உதவி என்று சொல்லி, தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பிவைத்தேன். இப்போது திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேனில் போய் வருகிறாளாம். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. குழம்பு வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "அவிங்கப்பன் போனதுக்குப் பொறகு எங்கூட்ல நெசமாலுமே பட்டினி கெடந்தமுங் அம்மணி. அதைய எழுத வெக்கப்பட்டுட்டுத்தானுங்க எம்பொண்ணு அப்படி எழுதிப்போட்டா."

இல்லாத பசியை அத்தனை அழகாக எழுதத் தெரிந்த எனக்கு, நிஜமாகவே பசித்தவள் எதிரில் வந்து உட்கார்ந்தபோது அடையாளம் தெரியவில்லை. இதைத்தான் எங்கள் தொழிலில் அனுபவம் என்கிறார்கள்.